கூட ஒரு ஆளுக்குத்தான் அனுமதி

உட்காருங்க தம்பி. இந்தப் பக்கம் உட்காருங்க, அந்த ஓரத்தில் பெஞ்சு ஆடும். பையைக் கீழே வைக்காதீங்க. இப்போதுதான் ஒரு அம்மா துடைத்துவிட்டுப் போனது. ஈரம். மடியில் வையுங்க.

எனக்கா? என் சம்சாரம். மூன்றாம் வார்டு, பதினோராம் கட்டில். மங்கையர்க்கரசி. நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு. நாளைக் காலையில் ஆபரேஷன், அவள் கையெழுத்துப் போட்டால். இன்னும் போடவில்லை. நாலு மணிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் நாளைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் பத்து நாளோ பதினைந்து நாளோ. அவ்வளவு நாள் தாங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஃபேனைப் பார்த்தார்.

போட மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. "அவரு வரட்டும். அவருகிட்ட ஒண்ணு பேசணும். பேசிட்டுப் போடறேன்." நர்ஸிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் வந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். போகிறேன். மணி என்ன? ரெண்டே காலா? நேரம் இருக்கிறது.

என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். பையன் வரட்டும், அவன் வந்த பிறகு பார்த்துக்கலாம் என்பாள். பையன் துபாயில். புதன்கிழமைக்குத்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்துவிட்டேன். அப்படியானால் உள்ளே போக வேண்டியதுதானே என்று கேட்பீங்க. கேட்காதீங்க. ஒரு வாரமாக ஓடியிருக்கிறேன். கொஞ்சம் உட்காருகிறேன்.

நான் கால்நடை ஆய்வாளர். வைரக்கண்ணு என்று பேர். மாட்டு டாக்டர் இல்லை, டாக்டருக்குக் கீழே. ஆனால் ஊரில் எல்லாரும் மாட்டு டாக்டர் என்றுதான் சொல்வார்கள். நானும் திருத்துவதில்லை. திருத்தினால் பேச்சு வளரும். ஜூன் முப்பதாம் தேதி ரிட்டயர்டு. இன்னும் இரண்டு மாசம் பத்து நாள்.

போன திங்கட்கிழமை ஆரம்பித்தது இது. கோமாரி நோய்க்குத் தடுப்பூசி போடும் மாசம். எனக்கு ஒன்பது ஊர். ஆயிரத்து நூற்று நாற்பது மாடு. எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டு முடித்துவிட்டேன். ஒரு மாடு பாக்கி இல்லை. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போட்டேன், வண்டி போகாத இடத்துக்கெல்லாம். திங்கட்கிழமை காலையில் உதவி இயக்குநர் போன்.

"என்ன வைரக்கண்ணு, எழுநூறுதான் காட்டுது?"

"எங்க காட்டுது சார்?"

"போன்லதான். நீங்க ஏத்தின கணக்கு."

மாட்டின் காதில் ஒரு மஞ்சள் வில்லை மாட்டியிருப்போம், பார்த்திருப்பீங்க. ஊரில் கம்மல் என்பார்கள். அதில் பன்னிரண்டு எண். ஊசி போட்டதும் அந்தப் பன்னிரண்டு எண்ணையும் போனில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் மாட்டுக்காரன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைக் கேட்டு வாங்கி அதையும் அடிக்க வேண்டும். மாட்டுக்காரன் போன் அவன் மகனிடம் இருக்கும். மகன் திருப்பூரில் இருப்பான். நான் வெயிலில் நின்றுகொண்டு திருப்பூருக்குப் போன் போட வேண்டும். நானூற்று நாற்பது மாட்டுக்கு ஏற்றவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டை யார் பார்க்கிறார்கள்?

"புதன்கிழமைக்குள்ள ஏத்திடுங்க. இல்லன்னா போட்ட ஊசி போடாத ஊசிதான். மெமோ வரும். ரிட்டயர்மென்ட் நேரத்துல மெமோ வாங்காதீங்க" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிடுவார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. எதிராளி சொல்லி முடிக்கும்வரை பொறுக்க வேண்டாமா?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அரசி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர்க் குடம் பக்கத்தில். பாதித் தண்ணீர் கீழே.

"என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

ஒன்றுமில்லை என்றால் எழுந்திரு, ஐஸ் பெட்டி வைக்கிற இடத்தில் ஈரம் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனேன். கேட்டேனா இல்லையா? கேட்டேன். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

செவ்வாய்க்கிழமை. நோட்டை எடுத்துக்கொண்டு கொத்தனூருக்குப் போகிறேன், வில்லை நம்பர் சரிபார்க்க. தெருமுனையில் நுழையும்போதே பார்த்துவிட்டேன். ஒரு செவலை மாடு. படுத்திருக்கிறது. கழுத்தை மடக்கித் தலையை விலாவில் வைத்திருக்கிறது. கன்று போட்டு இரண்டு நாள். வீட்டுக்காரன் பேர் சிங்காரம். "வெயிலுக்குப் படுத்திருக்கு சார்" என்கிறான். வெயிலாவது! காதைத் தொட்டேன். சில்லென்று இருக்கிறது. கன்று போட்ட மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போனால் அப்படித்தான் படுக்கும். விட்டால் சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

டாக்டருக்குப் போன் போட்டேன், அவர் எலெக்ஷன் பயிற்சியில் இருக்கிறார். "நீங்களே போடுங்க வைரக்கண்ணு, உங்களுக்குத் தெரியாததா" என்றார். நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும். ஆனால் மெதுவாக. அவசரப்பட்டு இறக்கினால் மாட்டின் இதயம் அங்கேயே நின்றுவிடும். ஒரு கையில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதில் குழாயை மாட்டி, அதன் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம். துடிப்பு கொஞ்சம் மாறினால் பாட்டிலை இறக்குவேன். சரியானால் ஏற்றுவேன். பேசவில்லை. அசையவில்லை. சிங்காரம் பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது.

மாடு எழுந்து நின்று சாணி போட்டது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. சிங்காரம் கையெடுத்துக் கும்பிட்டான். "தெருமுனையில இருந்தே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்றான். மாடு வாயைத் திறந்து சொல்லாதுடா, நாமதான் பார்த்துத் தெரிஞ்சுக்கணும் என்றேன். மனுஷனுக்கு என்ன? வாய் இருக்கிறது. வலித்தால் சொல்ல வேண்டியதுதானே. அதனால்தான் எனக்கு மாட்டோடு ஒத்துப்போகிறது, மனுஷர்களோடு ஒத்துப்போவதில்லை.

அன்றைக்கு வில்லை நம்பர் ஒன்றுகூட ஏற்றவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் எண்ணை அடித்துக்கொண்டிருக்கிறேன். அரசி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"தெரியும். கேஸ் தீர்ந்துபோச்சு. நாளைக்கு புக் பண்றேன்."

"அது இல்லீங்க."

"அப்ப உன் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. எலெக்ஷன் முடியட்டும்."

"சரி" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

சரி என்று சொன்னால் என்ன அர்த்தம் தம்பி? சரி என்றுதானே அர்த்தம்? "அது இல்லை, இது" என்று சொல்ல வேண்டாமா? நான் என்ன ஜோசியனா?

புதன்கிழமையும் வந்தாள். நான் திருப்பூர்க்காரன் ஒருத்தனோடு போனில் கத்திக்கொண்டிருந்தேன். கையைக் காட்டினேன், இரு என்று. இருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் பேசி முடித்துத் திரும்பும்போது அவள் இல்லை. பக்கத்து வீட்டு ரகமத்து வீட்டில் பேச்சுக் குரல் கேட்டது. ரகமத்து தையல்காரி. மிஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள், ஒரு நாளும் வாய் ஓயாது. சரி, இவளுக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது, அங்கே போயிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கும் இருநூறுதான் முடிந்தது. மீதி அப்படியே நின்றது.

வியாழக்கிழமை எலெக்ஷன் டூட்டிக்குக் கிளம்ப வேண்டும். ஆறு மாசத்துக்குள் ரிட்டயர் ஆகிறவன் விலக்கு கேட்கலாம். மனு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அரசி மாசியிலேயே சொன்னாள், "இந்தத் தடவ எழுதிக் கொடுத்துடுங்க. வீட்ல இருங்க" என்று. நான் எழுதவில்லை. பதினோரு எலெக்ஷன் பார்த்தவன். கடைசி எலெக்ஷனுக்கு வயசாகிவிட்டது என்று மனு எழுதுவதா? நாட்டுக்கு ஒரு நாள் வேலை. அதைக்கூடச் செய்ய முடியாதா?

புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். "நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?" என்றாள்.

"மெஷின ஒப்படைச்சுட்டு வருவேன். மணி எல்லாம் சொல்ல முடியாது."

"போன் எடுப்பீங்களா?"

"பூத்துக்குள்ள போன் எடுக்கக் கூடாது. எத்தன எலெக்ஷனா சொல்றேன்."

தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் வியாழக்கிழமை.

எனக்குப் போட்ட பூத்து ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம். நான்தான் தலைமை அலுவலர். எனக்கு அடுத்து ஜெபமலர் டீச்சர், முதல்நிலை அலுவலர். சின்ன வயசு. கெட்டிக்காரி. ஆனால் மெதுவாகப் பேசுவாள். எனக்கு மெதுவாகப் பேசுகிறவர்களைக் கேட்கப் பொறுமை கிடையாது.

ஓட்டுப்பதிவு ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஐந்தரைக்கே கட்சி ஏஜென்டுகள் வந்து உட்கார வேண்டும். மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்ட, அவர்களையே விட்டு ஐம்பது ஓட்டு போடச் சொல்வோம். மாதிரிக்கு. போட்ட பிறகு குளோஸ், ரிசல்ட், கிளியர். மூன்று பட்டன், வரிசையாக. முதல் பட்டன் பெட்டியை மூடும். இரண்டாவது, யாருக்கு எத்தனை என்று காட்டும். மூன்றாவது, அந்த ஐம்பதையும் அழிக்கும். அழித்துவிட்டு, பூஜ்யம் என்று எல்லாருக்கும் காட்டிவிட்டு, சீல் வைத்து உண்மையான ஓட்டை ஆரம்பிக்க வேண்டும். சீல் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பட்டனைத் தொட முடியாது. பயிற்சி வகுப்பில் தொண்டை கிழியச் சொல்வார்கள். எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

குளோஸ் போட்டேன். ரிசல்ட் போட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு ஏஜென்டுகளுக்குச் சண்டை. ஒருத்தன் ஃபேனுக்குக் கீழே பெஞ்சைப் போட்டுவிட்டான்.

"நீ என்னய்யா காத்து வாங்கறதுக்கா வந்திருக்க?"

"போன தடவ நீ வாங்கினியே, அப்ப நான் கேட்டனா?"

நான் போய் ஃபேனை நிறுத்தினேன். "இப்ப ரெண்டு பேரும் வேர்வையில உட்காருங்க" என்றேன். மணி ஆறே முக்கால். வெளியே வரிசை. திரும்பி வந்து, மாதிரி ஓட்டுக்கு மெஷினில் விழுந்த சீட்டெல்லாம் எடுத்துக் கறுப்புக் கவரில் போட்டு ஒட்டினேன். சீல் அரக்கை உருக்கினேன். ஜெபமலர் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அந்த கிளியர்..."

"தெரியும்மா. நீ ரிஜிஸ்டரப் பாரு."

"இல்ல சார், பூஜ்யம்..."

"பதினோரு எலெக்ஷன் பார்த்தவன் நான். போய் உட்காரு."

உட்கார்ந்தாள். நான் சீல் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு எத்தனை ஓட்டு என்று மேலே சொல்ல வேண்டும். மெஷினில் மொத்தம் பார்த்தேன். நூற்று எழுபத்தொன்று. ரிஜிஸ்டரில் நூற்று இருபத்தொன்று. திரும்ப எண்ணச் சொன்னேன். நூற்று இருபத்தொன்று. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்க்கிறாள். காலையில் போட்ட ஐம்பது. அழிக்கவே இல்லை.

ஏஜென்டுகளுக்குத் தெரிந்தது. காலையில் காற்றுக்குச் சண்டை போட்டவர்கள் இரண்டு பேரும் இப்போது ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். "கள்ள ஓட்டு! அம்பது கள்ள ஓட்டு!" என்று ஒரே கூச்சல். கள்ள ஓட்டு போட்டவர்களே அவர்கள்தான், மாதிரிக்கு. யார் கேட்கிறார்கள்? அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்த்தேன். ரகமத்து. இவளுக்கு என்ன இப்போது என்று நிறுத்தினேன். மறுபடி வந்தது. நிறுத்தினேன். மூன்றாவது தடவை வந்தபோது போனையே அணைத்துவிட்டேன். பூத்துக்குள் எடுக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறவில்லை நான்.

மண்டல அலுவலர் ஜீப்பில் வந்தார். மேலே கேட்டார். மேலே இன்னும் மேலே கேட்டார்கள். கடைசியில், மெஷின் அப்படியே ஓடட்டும், ஐம்பது அதிகம் என்று எழுதி ஏஜென்டுகளிடம் கையெழுத்து வாங்குங்கள் என்று உத்தரவு. வாங்கினேன். வாங்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏம்மா, நீ சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"சொன்னேன் சார்."

"சத்தமா சொல்லணும். நான் கேக்கலன்னா கையப் பிடிச்சு நிறுத்தணும்."

"உங்க கையையா சார்?" என்றாள். கண்ணில் தண்ணீர். தலைமை அலுவலர் டைரி என்று ஒன்று எழுத வேண்டும். அதில் எழுதினேன்: பிழை முழுவதும் என்னுடையது, முதல்நிலை அலுவலர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் முப்பது வருஷ சர்வீஸ் இருக்கிறது. எனக்கு வருகிற மெமோவோடு இன்னொரு மெமோ. மாட்டுக்கு ஒன்று, ஓட்டுக்கு ஒன்று.

மெஷினை ஒப்படைத்துவிட்டு வெளியே வர விடிந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து போனைப் போட்டேன். ரகமத்து பதினாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் கூப்பிட்டேன். "அண்ணே, வீட்டுக்குப் போகாதீங்க, ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றாள். வாய் ஓயாதவள், அதோடு நிறுத்திவிட்டாள். அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

நடந்தது என்னவென்றால், வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஓட்டுப் போடப் போயிருக்கிறார்கள். வரிசையில் நிற்கும்போதே இவளுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இடது கை வலி. ரகமத்து ஆட்டோ பிடிக்க ஓடியிருக்கிறாள். ஆட்டோ வந்து நிற்கிறது. இவள் ஏறவில்லை. "இவ்வளவு தூரம் நின்னுட்டேன், இன்னும் நாலு பேருதான். போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் விழுந்தாள். விரலில் மையைக் காட்டினாள் என்னிடம், சனிக்கிழமை. சிரித்தாள் வேறே.

அன்றைக்குத்தான் டாக்டர் கேட்டார். "எத்தன நாளா இந்த வலி?"

"நேத்துலேருந்து சார்" என்றேன்.

பின்னால் நின்ற ரகமத்து, "தை மாசத்துலேருந்து டாக்டர்" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொல்கிறாள். நடந்தால் வரும், உட்கார்ந்தால் போகும். மூன்று தடவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரண்டு பேரும் போயிருக்கிறார்கள். அங்கே மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டும் எழுதியிருக்கிறார்கள். "வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டு, மாத்திரை எல்லாம் ரகமத்து வீட்டுத் தையல் மிஷின் டிராயரில். என் வீட்டில் இல்லை.

வெளியே வந்து கேட்டேன். "உன் வீட்ல எதுக்கு வச்சா?"

"நீங்க பாத்தா திட்டுவீங்கன்னு."

"நான் எதுக்குத் திட்டப்போறேன்? நான் திட்டற ஆளா?"

பக்கத்தில் ஒரு கிழவர் டிரிப்ஸ் பாட்டிலோடு நடந்து போய்க்கொண்டிருந்தார், நான் கத்தியதில் நின்றுவிட்டார்.

நீங்களே சொல்லுங்க தம்பி. வேண்டாம், சொல்லாதீங்க. திங்கட்கிழமை கேட்டேன், என்ன என்று. ஒன்றுமில்லை என்றாள். செவ்வாய்க்கிழமை சரி என்றாள். புதன்கிழமை போய்விட்டாள். யார் மேல் தப்பு? கன்று போட்ட மாட்டின் காது சில்லென்று இருப்பதைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்தவன் நான். இல்லை, காதைத் தொட்டுப் பார்த்துத்தான். படுத்த விதத்தைத்தான் தெருமுனையில் பார்த்தது. சரியாகச் சொல்ல வேண்டும்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் அவள். குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. தலையை ஒரு பக்கமாகக் கதவில் சாய்த்திருந்தாள்.

சரி விடுங்க.

ரெண்டே முக்காலா? அதோ ரகமத்து வருகிறாள். என்னைத்தான் தேடி வருகிறாள். நேற்று முழுக்க அவள்தான் உள்ளே இருந்தாள், வார்டில் கூட ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. இன்றைக்குக் காலையில்தான் நான் மாறினேன். மாறி இரண்டு மணி நேரத்தில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நான் இருந்தால் நோயாளி எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்கிறாளாம்.

"அண்ணே, போங்கண்ணே. அவ ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டா."

"போறேன்."

"நாலு மணிக்கு அந்த ஃபாரத்த எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"போறேன்னு சொல்றேன்ல?"

"ஒரு மணி நேரமா இதத்தான் சொல்றீங்க. முகத்தக் கழுவிட்டுப் போங்க. இந்த முகத்தோட போனா அவளே உங்களுக்கு ஆறுதல் சொல்லணும்."

பார்த்தீங்களா பேச்சை? இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்க தம்பி. வந்துவிடுகிறேன். அல்லது வராமலும் இருப்பேன், உள்ளேயே இருக்கச் சொன்னால்.

*

கொஞ்சம் தள்ளுங்க. ஆமாம், வந்துவிட்டேன். மணி மூன்றரை ஆகியிருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

நான் யோசித்துப் போன பதில் ஒன்றும் தேவைப்படவில்லை. பையனைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் போனதும், ஸ்டூலை இழுத்துப் போடச் சொன்னாள். உட்கார்ந்தேன். "நடுவுல பேசாதீங்க" என்றாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், விரலைக் காட்டினாள். மை இன்னும் இருக்கிறது அந்த விரலில். வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் பால்காரனுக்கு ஒரு வாரம் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். வெள்ளைச் சட்டை இரண்டும் சலவையில் இருக்கிறது என்றாள். நான் தலையை ஆட்டினேன். அப்புறம் சொன்னாள்: "ஆபரேசனுக்கு நான் எப்பவோ சரிதான். எனக்குப் பயம் இல்ல. ஆனா ஆபரேசன் முடிஞ்சதும் எங்கூட ரகமத்து இருக்கட்டும். நீங்க வேணாம்."

"ஏன்?" என்றேன்.

"பாத்தீங்களா, நடுவுல பேசறீங்க."

மறுபடி வாயை மூடினேன்.

"ஆபரேசன் முடிஞ்சு டாக்டரு வந்து எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு கேப்பாராம். மூச்சு எப்படி இருக்குன்னு கேப்பாராம். சரியாச் சொல்லணுமாம், அத வச்சுத்தான் பாப்பாங்களாம். நீங்க பக்கத்துல நின்னா எனக்குச் சொல்ல வராது. நீங்க என்னன்னு கேட்டாலே ஒண்ணுமில்லன்னுதான் வாயில வருது. கோவத்துல சொல்லல. பழகிப்போச்சு. இந்த வயசுக்கு மேல மாத்திக்கலாம், ஆனா நாளைக்குள்ள மாத்திக்க முடியாது. நாளைக்கு எனக்கு உயிரு வேணும்."

இதைத்தான் ஒரு வாரமாகச் சொல்ல வந்தாளா என்றால், இல்லை. அப்போது வேறு சொல்ல வந்திருப்பாள். அது என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நடுவில் பேசக் கூடாது.

"அவ்வளவுதான். இப்ப நீங்க பேசலாம்" என்றாள்.

"சரி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, முழுப் பேரையும் எழுதினாள். மங்கையர்க்கரசி என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும், கையில் ஊசி குத்தியிருக்கிறது. நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

நர்ஸிடம் போய் என் பாஸைக் கொடுத்து, ரகமத்து பேருக்கு மாற்றச் சொன்னேன். "நீங்கதானே சார் புருசன்?" என்றாள். ஆமாம் என்றேன். "அந்தம்மா என்ன உறவு?" என்றாள். என்ன சொல்வது? "அவளுக்கு எல்லாம் தெரியும். அவ பேர எழுதுங்க" என்றேன். எழுதிக் கொடுத்தாள். ரகமத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். சொல்லாமலே போய்விட்டாள். முதல் தடவையாக.

இல்லை, வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போக வேண்டும்? வார்டுக்குள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இந்த பெஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.